மலையில் ஒரு வீடு: விலையும் ஏற்றமும்
குடும்பத்தோடு உட்கார்ந்து படிக்க ஒரு பாடம்



கல்வி உதவிக்கும் திருமண உதவிக்கும் மனுக் கொடுக்க வருகிறவர்கள், கிளம்பும் நேரத்தில் எங்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்கிறார்கள். "நம்ம வீடு இப்ப என்ன விலை போகும்? வித்துட்டு சேலத்துக்கு இறங்கிடலாமா? இன்னும் நாலு வருஷம் பொறுத்தா ரெண்டு மடங்கு ஆகுமா?" பெண் பிள்ளைகளின் கேள்வி வேறு. "அண்ணன் கையெழுத்துக் கேட்கிறார். எவ்வளவு கொடுத்தால் நியாயம்?"

இவற்றுக்கு ஒரே வரியில் பதில் சொல்ல எங்களால் முடியாது. ஆனால் பதிலைத் தேடும் வழியைச் சொல்ல முடியும். நம்மில் பலருக்கு வாழ்நாளில் கையில் இருக்கும் ஒரே பெரிய சொத்து வீடுதான். அதன் விலையைப் படிக்கத் தெரியாவிட்டால் விற்கும்போதும் நஷ்டம், வாங்கும்போதும் நஷ்டம். பங்கு பிரிக்கும்போது அநியாயமும் வந்து சேரும். எனவே இந்த இதழில் அதையே பாடமாக எடுத்துக்கொள்கிறோம். கீழே ரூபாயில் வரும் வீட்டு விலை, மனை விலை, வாடகைக் கணக்குகள் எல்லாம் விளக்கத்துக்காக நாங்கள் போட்டவை. அவற்றை ஏற்காட்டின் இன்றைய விலை என்று கொள்ள வேண்டாம்.

1. மூன்று விலைகள்

ஒரு வீட்டுக்கு மூன்று விலை உண்டு. சொல்லும் விலை, படியும் விலை, பதியும் விலை.

சொல்லும் விலை என்பது விற்பவரோ தரகரோ வாயால் சொல்வது. டீக்கடையில் நாம் கேள்விப்படுவது பெரும்பாலும் இதுதான். படியும் விலை என்பது பேரம் முடிந்து பணம் உண்மையாகக் கைமாறுவது. பதியும் விலை என்பது பத்திரத்தில் எழுதப்படுவது. பத்திரத்தில் எழுதும் தொகை அரசின் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே பல இடங்களில் இருக்கிறது. படிந்த விலையை அது காட்டுவதில்லை.

வழிகாட்டி மதிப்பு ஏறினால் நம் வீட்டு விலையும் ஏறிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தமிழகத்தில் 2012 ஏப்ரலில் அந்த மதிப்பு பெரிய அளவில் திருத்தப்பட்டது. 2017 ஜூனில் அரசு அதை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக்கியது. 2023 ஏப்ரல் 1 முதல் மதிப்பு பழைய நிலைக்குத் திரும்பியது. பதிவுக் கட்டணம் 2 சதவீதமானது. அன்று ஒரே நாளில் வழிகாட்டி மதிப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது. 100 ரூபாயை 67 ஆக்கிவிட்டு மறுபடி 100 ஆக்கினால் 67-இன் மேல் கிட்டத்தட்ட 50 சதவீத ஏற்றம். ஆனால் அந்த ஒரு நாளில் எந்தத் தெருவிலும் எவர் வீடும் ஒன்றரை மடங்கு விலைக்குப் போகவில்லை. மாறியது அரசின் அட்டவணைதான்.

ஆகவே விலை கேட்கப் போகும்போது, கடந்த ஓராண்டில் அதே தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் உண்மையில் விற்ற இரண்டு மூன்று வீடுகளின் படிந்த விலையை விசாரியுங்கள். வாங்கியவரிடமும் கேளுங்கள், விற்றவரிடமும் கேளுங்கள். இருவர் சொல்வதும் ஒத்துப்போனால் அதுதான் உங்கள் தெருவின் விலை.

2. ஒரே படியால் அளக்க வேண்டும்

சேலத்தில் மனை விலையைச் சதுர அடியில் சொல்கிறார்கள். மலையில் சென்ட் கணக்கு, தோட்டமென்றால் ஏக்கர் கணக்கு. ஒன்றை ஒன்றோடு ஒப்பிட முதலில் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. 100 சென்ட் ஒரு ஏக்கர். சென்ட் 4 லட்சம் என்றால் சதுர அடி சுமார் 918 ரூபாய். இதை மனதில் வைத்துக்கொண்டால் "மலையில் மலிவு, கீழே விலை அதிகம்" என்று பொத்தாம் பொதுவாகப் பேச மாட்டோம்.

மலையில் இன்னொரு கணக்கும் உண்டு. 5 சென்ட் நிலம் என்று பத்திரம் சொல்லும். சரிவில் தடுப்புச் சுவரும் படியும் போக, வீடு கட்ட நிற்பது 3 சென்ட்டாக இருக்கலாம். சென்ட் 3 லட்சம் வீதம் 15 லட்சம் கொடுத்து வாங்கி, தடுப்புச் சுவருக்கு 3 லட்சம் செலவழித்தால் மொத்தம் 18 லட்சம். கையில் கிடைத்த பயனுள்ள இடம் 3 சென்ட். அப்படியானால் உண்மை விலை சென்ட்டுக்கு 6 லட்சம். சமதளத்தில் 5 லட்சத்துக்குக் கிடைத்த சென்ட் இதைவிட மலிவு. சிமெண்டும் கம்பியும் எம்-சாண்டும் 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் வர வேண்டும் என்பதால் கட்டுமானச் செலவும் கீழே ஆவதைவிடக் கூடும்.

3. ஊருக்கு ஊர் ஏன் இந்த வித்தியாசம்?

சென்னை, கோவை, சேலம், ஏற்காடு என்று நான்கு ஊரை எடுத்தால் நான்கு விலை. வித்தியாசத்துக்கு முக்கியக் காரணங்கள் நான்கு.

முதல் காரணம், அந்த ஊரில் கிடைக்கும் வருமானம். வேலை இருக்கும் இடத்துக்கு ஆள் வருகிறார். ஆள் வரும் இடத்தில் வீட்டுக்குப் போட்டி வருகிறது. சென்னையிலும் கோவையிலும் வீட்டு விலை உயர்ந்ததற்கு மூலம் அங்கே கிடைக்கும் சம்பளமும் தொழிலும்தான்.

இரண்டாவது, நிலம் எவ்வளவு கிடைக்கிறது என்பது. சேலத்தைச் சுற்றி நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, கோதுமலை என்று மலைகள் இருந்தாலும், ஓமலூர் பக்கமும் ஆத்தூர் பக்கமும் சங்ககிரி பக்கமும் ஊர் நீண்டுகொண்டே போகலாம். புது மனைப்பிரிவு வர வர பழைய மனையின் விலை கொஞ்சம் அடங்கும். நம் மலையில் அப்படி இல்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த பிறகு, சேர்வராயன் மலையின் பெரும் பரப்பு எஸ்டேட்டுகளாயிற்று. மீதியில் காப்புக்காடு இருக்கிறது, மலைவாழ் மக்களின் கிராமங்களும் பூமியும் இருக்கின்றன. ஏரியைச் சுற்றியும் ஒண்டிக்கடை பக்கமும் வீடு கட்ட இருக்கும் இடம் கைக்குட்டை அளவுதான்.

மூன்றாவது, சட்டம். தமிழக அரசு 1990-இல் மலைப் பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தை அமைத்தது. பேச்சு வழக்கில் ஹாக்கா என்கிறோம். ஏற்காடு வட்டம் அதற்குள் வருகிறது. இங்கே நிலத்தை மனையாகப் பிரிக்க வேண்டுமானால் வழக்கமான அனுமதியோடு வனத்துறை, கனிமவளத்துறை, வேளாண் பொறியியல் துறை ஆகியவற்றின் கருத்தும் கேட்கப்படுகிறது. இது மலையையும் நம்மையும் காக்கும் ஏற்பாடு. அதே சமயம், அங்கீகாரம் பெற்ற மனை குறைவாக இருப்பதால் அதற்கு விலை கூடுகிறது. அங்கீகாரம் இல்லாத மனை மலிவாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். அந்த மலிவில்தான் நம் மக்கள் சிக்கிக்கொள்கிறார்கள்.

நான்காவது காரணத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும்: வாங்குகிறவர் யார்? சேலம் நகரில் வீடு வாங்குகிறவர் பெரும்பாலும் சேலத்தில் சம்பாதிக்கிறவர். மலையில் வாங்க வருகிறவர்களில் பலர் சேலத்திலோ பெங்களூரிலோ சென்னையிலோ சம்பாதித்து, விடுமுறைக்கு ஒரு வீடு தேடுகிறவர்கள். அல்லது வாங்கித் தங்கும் விடுதியாக்க நினைப்பவர்கள். ஆக, நம் ஊர் வீட்டின் விலை நம் ஊர் வருமானத்தோடு சேர்ந்து நடப்பதில்லை. கடையில் நிற்கும் பிள்ளையும் வண்டி ஓட்டும் பிள்ளையும் எஸ்டேட்டில் கணக்கெழுதும் பிள்ளையும் அந்த விலையை எட்டிப் பிடிக்க முடியாமல் தவிப்பது இதனால்தான். அவர்கள் உழைப்பில் குறை இல்லை. போட்டி போடுவது வேறு ஊர் வருமானம்.

வாடகையும் இதே வழியில் போகிறது. மாதம் 6,000 ரூபாய்க்குக் குடும்பத்துக்கு விட்ட வீட்டை, மாதத்தில் எட்டு நாள் 1,500 வீதம் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டால் 12,000 வரும். வீட்டுக்காரருக்கு லாபம். குடியிருந்த குடும்பம் மஞ்சக்குட்டைக்கோ நாகலூருக்கோ தள்ளிப் போய், தினமும் பஸ்ஸுக்கு நிற்கிறது.

4. விலை வேறு, ஏற்றம் வேறு

விலை அதிகமாக இருக்கும் ஊரில்தான் ஏற்றமும் அதிகம் என்று நினைப்பது தவறு. ஒரு கோடி ரூபாய் வீடு ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறினால் 4 லட்சம். 30 லட்சம் வீடு 8 சதவீதம் ஏறினால் 2 லட்சத்து 40 ஆயிரம். ரூபாயில் முதல் வீடு அதிகம் ஏறியது. விகிதத்தில் இரண்டாவது வீடு இரு மடங்கு வேகம். ஒப்பிடும்போது விகிதத்தைப் பார்க்க வேண்டும்.

"இரண்டு மடங்கு ஆகும்" என்று யாராவது சொன்னால் 72 கணக்கைப் போடுங்கள். ஆண்டு ஏற்ற விகிதத்தால் 72-ஐ வகுத்தால், இரட்டிப்பாக எத்தனை ஆண்டு ஆகும் என்பது ஏறக்குறைய வந்துவிடும். 6 சதவீதமென்றால் 12 ஆண்டு. 8 என்றால் 9 ஆண்டு. "நாலு வருஷத்தில் டபுள்" என்று சொல்பவர் ஆண்டுக்கு 18 சதவீதம் ஏறும் என்கிறார். உங்கள் தெருவில் அப்படி விடாமல் நான்கு ஆண்டு ஏறியதை யாராவது பார்த்ததுண்டா என்று அவரிடமே கேளுங்கள்.

பழைய கதைகளையும் இப்படியே சோதிக்கலாம். "2010-இல் 9 லட்சத்துக்கு வாங்கினார், 2025-இல் 27 லட்சத்துக்கு விற்றார், மூன்று மடங்கு!" என்று கேட்கும்போது வாய் பிளக்கிறோம். 15 ஆண்டில் மூன்று மடங்கு என்பது ஆண்டுக்கு சுமார் 7.6 சதவீதம். அந்தக் காலத்தில் அரிசி, எண்ணெய், பள்ளிக்கூடக் கட்டணம் எல்லாம் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறியதாக வைத்தாலே, அன்றைய 9 லட்சம் இன்றைய 18 லட்சத்து 70 ஆயிரத்துக்குச் சமம். உண்மையான ஆதாயம் அதற்கு மேல் உள்ளதுதான். பத்திரச் செலவையும் கழிக்க வேண்டும். இன்று முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். 20 லட்சத்துக்கு வாங்கினால் 1 லட்சத்து 80 ஆயிரம் அங்கேயே போகிறது. தரகுக் கூலி தனி. வாங்கிய ஓரிரு ஆண்டில் விற்பவருக்கு விலை ஏறியும் கையில் ஒன்றும் நிற்காததன் காரணம் இதுவே.

நகரங்களுக்கு இந்த ஏற்றத்தை அளக்க தேசிய வீட்டு வசதி வங்கி 2007 முதல் ரெசிடெக்ஸ் என்ற குறியீட்டை வெளியிடுகிறது. இப்போது 50 நகரங்கள் அதில் உள்ளன. சென்னையும் கோவையும் உண்டு. நம் மலை ஊர் அதில் இல்லை. "கோவையில் இத்தனை சதவீதம் ஏறியது" என்ற செய்தியைப் படித்துவிட்டு நம் வீட்டுக்கும் அதையே போடக்கூடாது. ஒரு நகரத்தில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான வீடுகள் கைமாறுகின்றன. நம் ஊரில் விற்பவை சில. வெளியூர்க்காரர் ஒருவர் ஏரி தெரிகிற இடம் என்பதற்காக ஆசைப்பட்டுக் கூடுதலாகக் கொடுத்தால், மறுநாள் அது ஊருக்கே "ரேட்" ஆகிவிடுகிறது. அடுத்த வீட்டுக்கு அந்த விலை கொடுக்க ஆள் வருவாரா என்பது தெரியாது.

5. ஏற்றுபவை எவை?

நல்ல சாலை, தண்ணீர் இணைப்பு, பள்ளிக்கூடம், மருத்துவமனை வந்தால் விலை ஏறும். வெளியூர் வருமானம் பெருகினால் ஏறும். கடன் மலிவானாலும் ஏறும். ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2020 மே மாதம் 4 சதவீதமாக இருந்தது. 2023 பிப்ரவரியில் 6.50 ஆனது; 2025-இல் மறுபடி குறைக்கத் தொடங்கினார்கள். வட்டி குறையும்போது கடன் வாங்கி வாங்குகிறவர் கூட்டம் கூடுகிறது, விலை மேலே போகிறது. வட்டியை விட்டு ஒதுங்கி நிற்கும் குடும்பத்தையும் இது தொடும். நாம் கடன் வாங்காவிட்டாலும், கடன் வாங்கி வருகிறவரோடுதான் அதே வீட்டுக்குப் போட்டி போடுகிறோம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. "எப்படியும் விலை ஏறும், வட்டியை அது சரிக்கட்டிவிடும்" என்று சொல்லிச் சிலர் கடனில் இறங்குகிறார்கள். மார்க்கம் தடுத்தது ஒருபுறம் இருக்க, கணக்கையும் பாருங்கள். 20 லட்சம் கடன், 9 சதவீதம், 20 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 18,000. கட்டி முடிக்கும் மொத்தம் 43 லட்சத்துக்கு மேல். விலை ஏறுவது நிச்சயமில்லை. தவணை நிச்சயம். மலையில் சீசன் படுத்துவிட்ட மாதத்திலும் தவணை வரும்.

6. ஏறாமலும் போகலாம்

நிலம் ஒருபோதும் இறங்காது என்பது நம்மிடையே வேதவாக்கு போல் ஆகிவிட்டது. ஜப்பானில் 1990-களின் தொடக்கத்தில் இறங்கத் தொடங்கிய நில விலை பத்தாண்டுக்கும் மேலாக இறங்கிக்கொண்டே இருந்தது. அமெரிக்காவில் 2006-க்குப் பிறகு வீட்டு விலை சரிந்து, லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்தன. இரண்டு இடத்திலும் சரிவுக்கு முந்தைய நாள் வரை "இறங்கவே இறங்காது" என்று நம்பியவர்கள்தான் அதிகம்.

நமக்குப் பக்கத்திலேயே பாடம் உண்டு. 2018-இல் சேலம்–சென்னை எட்டு வழிச்சாலை அறிவிக்கப்பட்டது. 277 கிலோமீட்டர், ஐந்து மாவட்டங்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் நில எடுப்பு அறிவிக்கையை ரத்து செய்தது. புதிதாக அறிவிக்கை வெளியிட்டுத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது. சாலை இன்னும் வரவில்லை. இப்படி ஒரு திட்டத்தின் பெயரைச் சொல்லி ஏற்றப்படும் விலையில் வாங்குகிறவர், வராத சாலைக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார். திட்டத்தின் வரைபடத்தைக் காட்டி யாராவது மனை விற்றால், வரைபடத்தை அல்ல, போடப்பட்ட தார் சாலையைப் பார்த்து விலை பேசுங்கள்.

சுற்றுலாவை நம்பி ஏறிய விலைக்கும் பிடி உண்டு. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் வேண்டும் என்றானது. மலை தாங்கும் அளவுக்கு மேல் வண்டி வந்தால் அரசும் நீதிமன்றமும் தலையிடும் என்பதற்கு அது அடையாளம். விடுதி வருமானத்தை வைத்து வீட்டுக்கு விலை போடுகிறவர்கள் இதையும் எண்ண வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக மழை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் ஒரே இரவில் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையில் மலையடி வீடு ஒன்று புதைந்து ஏழு பேர் மரணமடைந்தார்கள். அதே மழையில் நம் மலைப்பாதையிலும் மண் சரிந்து போக்குவரத்து தடைப்பட்டது. அருமையான காட்சி தெரியும் இடம் என்று விளம்பரம் சொல்லும் மனை, பல நேரம் செங்குத்தான சரிவின் விளிம்பு. வாங்கும் முன் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது, மேலே யார் மண்ணை வெட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பங்குனி, சித்திரையில் இன்னொரு முறை போய்க் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

7. காகிதம் சரியில்லாத இடத்துக்கு ஏற்றம் இல்லை

பிறகு விற்க முடிந்தால்தான் ஏற்றம் நமக்குப் பயன்படும். விற்க முடியாத நிலத்துக்கு எவ்வளவு விலை சொன்னாலும் அது வெறும் பேச்சு. கீழ்க்கண்டவற்றைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பட்டாவும் புலப்படமும் விற்பவர் பெயரில் உள்ளனவா, பத்திரத்தின் சர்வே எண்ணோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். வில்லங்கச் சான்றைக் குறைந்தது முப்பது ஆண்டுக்குப் போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். மனை என்றால் அங்கீகாரம் உண்டா? அங்கீகாரமில்லாத மனைப்பிரிவில், 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பதிவாகாத இடத்தைப் பதிவு செய்யத் தடை இருக்கிறது. மலைப் பகுதி மனைகளை வரன்முறைப்படுத்த 2020-இல் தனி விதிகள் வந்தன. அதன்படி உத்தரவு வாங்கியிருந்தால் அந்த உத்தரவைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

மலைவாழ் சகோதரர்களுக்கு அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலத்தை மலிவென்று தொடாதீர்கள். நிபந்தனை மீறினால் அரசு திரும்ப எடுக்கும். அதைவிடப் பெரிது, அது அவர்களுடைய வாழ்வாதாரம். வக்ஃபு நிலமும் அப்படித்தான். யார் பத்திரம் காட்டினாலும் வாங்கக் கூடாது.

பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். நிலம், வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. பத்திரத்தில் குறைத்து எழுதினால் இன்று கொஞ்சம் மிச்சம் போலத் தெரியும். நாளை விற்கும்போது, வாங்கிய விலை குறைவாகத் தெரிந்து மூலதன ஆதாய வரி கூடும். 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கிப் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதச் சலுகை உண்டு. சிறு வீடு வாங்கும் குடும்பங்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

8. சகோதரியின் பங்கு எந்த விலையில்?

இந்தப் பாடத்தை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான். அத்தா மவுத்தாகிப் பத்து ஆண்டு ஆகியிருக்கும். வீட்டில் அண்ணன் இருப்பார். அக்காவும் தங்கையும் சேலத்திலோ திருப்பத்தூரிலோ வாழ்க்கைப்பட்டிருப்பார்கள். ஒருநாள் வீட்டை விற்கவோ இடித்துக் கட்டவோ தேவை வரும். அப்போது விடுதலைப் பத்திரம் தயாராகும். "அத்தா காலத்தில் இந்த வீடு 6 லட்சம்தான், அதில் உன் பங்கு இவ்வளவு" என்று ஒரு தொகை வைக்கப்படும். வீடு இன்று போகும் விலை அண்ணனுக்குத் தெரியும். தங்கைக்குத் தெரியாது.

ஒரு கணக்கு போடுவோம். கடனும் வஸிய்யத்தும் தீர்ந்த பின் மிஞ்சியது வீடு மட்டும். வாரிசுகள் மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். இன்றைய படியும் விலை 24 லட்சம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 3 லட்சம். மீதி 21 லட்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு வீதம். மகனுக்கு 10 லட்சத்து 50 ஆயிரம், ஒவ்வொரு மகளுக்கும் 5 லட்சத்து 25 ஆயிரம். இதையே 6 லட்சத்தில் பிரித்தால் ஒரு மகளுக்குக் கிடைப்பது 1 லட்சத்து 31 ஆயிரத்துச் சொச்சம். வித்தியாசம் ஏறக்குறைய 3 லட்சத்து 94 ஆயிரம். விலையேற்றம் முழுவதும் ஒருவர் கைக்குப் போய்விடுகிறது. அத்தா மவுத்தான நாளிலிருந்தே அந்த வீட்டில் மகளுக்குப் பங்கு இருக்கிறது. ஆகவே வீட்டின் விலை ஏறும்போது அவள் பங்கும் சேர்ந்தே ஏறுகிறது.

அண்ணன் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். அந்தப் பத்தாண்டில் கூரை மாற்றியிருப்பார், வரி கட்டியிருப்பார், அம்மாவைக் கவனித்திருப்பார். வீட்டுக்குச் செலவு செய்ததற்கு ரசீதோ சாட்சியோ இருந்தால் அதைக் கணக்கில் கழித்துக்கொள்ளட்டும். அவர் குடியிருந்த காலத்தின் வாடகையையும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். அம்மாவைப் பார்த்துக்கொண்டதற்குக் கூலி கேட்கும் பிள்ளை நம்மில் இருக்க மாட்டார் என்று நம்புகிறோம்.

"தோட்டத்தில் பெண்ணுக்குப் பங்கில்லை" என்று சொல்பவர்களும் உண்டு. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை முதலில் சேர்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் சென்னை மாகாணத்தில் 1949-ஆம் ஆண்டுத் திருத்தம் அதையும் சேர்த்துவிட்டது. இங்கே காப்பித் தோட்டத்திலும் மிளகுத் தோட்டத்திலும் மகளுக்குப் பங்கு உண்டு.

விலையை எப்படி முடிவு செய்வது? குடும்பத்துக்கு வேண்டாதவர், வேண்டியவர் என்று இல்லாத மூவரிடம் தனித்தனியாக மதிப்புக் கேளுங்கள். ஒருவர் உள்ளூர்க்காரர், ஒருவர் பொறியாளர், ஒருவர் சமீபத்தில் வாங்கியவரோ விற்றவரோ. மூன்றில் நடுத் தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா வாரிசுகளும் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்திடுங்கள். உடனே முழுத் தொகை தர முடியாவிட்டால், எத்தனை மாதத்தில் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் அல் பகரா 282-ஆம் வசனம் நமக்கு இருக்கும்போது, அண்ணன் தங்கைக்குள் எதற்கு எழுத்து என்று கூச்சப்பட வேண்டாம். எழுதி வைத்த குடும்பங்கள் பெருநாளுக்கு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகின்றன.

9. விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

இதற்கு ஒவ்வொரு குடும்பமும் தனக்குத்தானே பதில் காண வேண்டும். நாங்கள் சொல்வது இவ்வளவுதான். குடியிருக்கும் ஒரே வீட்டை விலையேற்றக் கணக்கு மட்டும் பார்த்து விற்காதீர்கள். மலையில் விற்றுக் கீழே இறங்கிய பிறகு திரும்ப ஏறி வாங்குவது கடினம், ஏனென்றால் விலை போடுகிறவர் நாமல்ல. கீழே வேலையும் பிள்ளைகள் படிப்பும் உறுதியாக இருந்து, விற்ற தொகையில் காகிதம் சரியாக உள்ள வீடு கிடைக்கிறதென்றால் இறங்குவதில் தவறில்லை. அப்போதும் கீழே வாங்கும் வீட்டை முதலில் பார்த்து முடிவு செய்துவிட்டு, பிறகு இங்கே விலை பேசுங்கள். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடினால், வீடு கிடைப்பதற்குள் பணம் கரைகிறது.

இந்த வாரம் ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு குடும்பமாக உட்கார்ந்து கீழ்க்கண்டவற்றை ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்.

— நம் வீட்டுப் பத்திரமும் பட்டாவும் யார் பெயரில் இருக்கின்றன? அவர் உயிரோடு இருக்கிறாரா?
— வாரிசுகள் யார் யார்? எல்லோருக்கும் இந்த வீட்டின் இன்றைய விலை தெரியுமா?
— நம் தெருவில் கடந்த ஓராண்டில் உண்மையில் படிந்த விலை என்ன?
— அந்த விலையை 72 கணக்கில் போட்டால், பத்தாண்டுக்கு முன் கேட்ட விலையிலிருந்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது?
— வீட்டுக்கு மேலும் கீழும் உள்ள சரிவு மழையில் தாங்குமா?
— நம் வீட்டில் யாருக்காவது தர வேண்டிய பங்கு தராமல் நிற்கிறதா?

கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்று பதில் வந்தால், மற்ற கேள்விகளுக்கு முன் அதைத் தீர்த்துவிடுங்கள். பத்திரங்களைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றாலும், பங்குக் கணக்குப் போட்டுத் தர வேண்டுமென்றாலும் நோட்டோடு எங்களிடம் வாருங்கள். சகோதரிகள் தனியாக வந்தும் கேட்கலாம். கேட்டது வெளியே போகாது.

நம் வீடுகளில் அல்லாஹ் பரக்கத்தையும், நம் பங்கீடுகளில் நீதியையும் தருவானாக.

வஸ்ஸலாம்.